டோ பால் உயரம்: டிரெய்லர் முதலில், வண்டி அப்புறம், குண்டு கடைசியில்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வள்ளம் ஏற்றும் டிரெய்லர், கடற்கரையில் நிறுத்தும் சாப்பாட்டு டிரெய்லர், ஜெனரேட்டர் வண்டி எல்லாம் இங்கே கட்டுகிறோம். முதல் தடவை டிரெய்லர் இழுக்கப் போகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். டோ பாலையும் பிளேட்டையும் ஆன்லைனில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இதை மாட்டித் தாங்க" என்று வந்து நிற்பார்கள். டிரெய்லர் எவ்வளவு உயரம், வண்டி பாரம் ஏறினால் எவ்வளவு தாழும் என்று கேட்டால் பதில் இருக்காது. அப்படி வாங்கிய பிளேட் பத்தில் ஒன்றுகூடச் சரியாக உட்காராது.

சில சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் உருண்டைதான் டோ பால்; அதை இங்கே குண்டு என்றே சொல்கிறேன். அதைக் கவ்விப் பிடிக்கும் டிரெய்லரின் வாய்ப்பகுதி கப்ளர். வண்டியில் குண்டு உட்காரும் தகடு டோ பிளேட். கப்ளர் குண்டின்மேல் அழுத்தும் எடைக்கு மாட்டுவண்டிக்காரர்கள் வைத்த பெயரே பொருத்தம்: முன்பாரம்.

1. உயரம் தப்பினால் என்ன ஆகும்

குண்டு உயரமாக இருந்தால் டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கி நிற்கும். பாரம் பின்னால் சாயும், முன்பாரம் குறையும். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே தூக்கி, மாட்டின் கழுத்தில் பிடிமானம் இல்லாமல் ஆடுமே, அதே கதைதான். வேகம் கூடினால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

எவ்வளவு குறையும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கிலோ சாப்பாட்டு டிரெய்லர். ஆக்சிலிலிருந்து கப்ளருக்கு 3 மீட்டர். பாரத்தின் மையம் ஆக்சிலுக்கு 75 செ.மீ. மேலே. குண்டு 10 செ.மீ. கூடுதல் உயரத்தில் இருந்தால் அந்த மையம் சுமார் 2.5 செ.மீ. பின்னால் நகரும். முன்பாரத்தில் 8 கிலோ போல இறங்கும். இது பெரிய எண் இல்லைதான். ஆனால் டிரெய்லருக்குள் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி பாதி நிறைந்து கிடந்தால் தண்ணீரும் சரிவுப்பக்கம் ஓடும். அலமாரியில் அடுக்கிய சாமானும் பின்னால் நகரும். எல்லாம் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும்.

குண்டு தாழ்வாக இருந்தால் மூக்கு குனியும். கொஞ்சம் குனிவதால் ஆபத்து இல்லை. அதிகம் குனிந்தால் டிரெய்லர் மூக்கில் இருக்கும் சின்ன முன்சக்கரமும் ஜாக்கியும் வேகத்தடையில் இடிக்கும். நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர், பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் வேகத்தடை இருப்பதால் இது அன்றாடத் தொல்லை.

இரண்டு ஆக்சில் டிரெய்லரில் உயரம் இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது. மூக்கு தூக்கினால் பின் ஆக்சில் டயர்கள் அதிகப் பாரம் சுமக்கும், குனிந்தால் முன் ஆக்சில். அந்த டயர் சூடேறும், சீக்கிரம் தேயும். இரண்டு கமான் பட்டைகளுக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவே பாரத்தைப் பங்கிடும் ஆடுதுண்டு இருந்தால் ஓரளவு சமாளிக்கும். ஒவ்வொரு ஆக்சிலும் தனித்தனியாகத் தொங்கினால் சமாளிக்காது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரும்பு டேப், ஒரு மீட்டருக்குக் குறையாத ரசமட்டம், சுண்ணக்கட்டி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க நான்கு கட்டைகள், ஜாக்கி, உறுதியான ஸ்டாண்ட், வெர்னியர், எழுதிக்கொள்ள ஒரு நோட்டு. கூட ஒரு ஆள்.

அதோடு ஒரு தராசு. கொப்பரை வாங்கும் கடையிலும் ரப்பர் ஷீட் எடுக்கும் கடையிலும் இருக்கும் மேடைத் தராசு போதும். குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் இந்தக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. தெரிந்தவர் கடையில் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குத் தராமல் இருக்கமாட்டார்கள்.

வாகனக் கையேட்டையும் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு எடை இழுக்கலாம், எவ்வளவு முன்பாரம் தாங்கும் என்று அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் இல்லாவிட்டால் தயாரிப்பாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு மேலே போங்கள். வண்டியால் முடியாத பாரத்தை எந்த உயரத்தில் மாட்டினாலும் பயனில்லை. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் உண்டு என்பதை மறக்காதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு வாகனமாகவே வைத்திருக்கிறது. நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கட்டத் தொடங்கும் முன்பே விசாரியுங்கள். கட்டி முடித்த பிறகு அளவு மாற்றுவது இரட்டைச் செலவு.

3. டயர் காற்றும் பாரமும்

முதலில் காற்று. டிரெய்லர், வண்டி இரண்டின் எல்லா டயருக்கும் பாரத்தோடு ஓட்டும்போது வைக்கும் காற்றை வைத்துவிடுங்கள். வீட்டுமுற்றத்தில் மாதக்கணக்கில் நின்ற டிரெய்லரில் ஒரு பக்கம் காற்று இறங்கியிருக்கும். அந்த நிலையில் அளந்தால் இரண்டு செ.மீ. வரைக்கும்கூடத் தவறு வரும்.

அடுத்தது பாரம். புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். டிரெய்லரைக் காலியாக வைத்து அளக்கிறார்கள். பாரம் ஏறியதும் கமான் பட்டை தாழும். அளந்த உயரம் வேறு, ஓடும் உயரம் வேறாகிவிடும். சாப்பாட்டு டிரெய்லர் என்றால் கேஸ் சிலிண்டர், தோசைக்கல், ஃபிரீசர், தண்ணீர் எல்லாம் அவை பயணத்தில் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கொதிகலனும் கல்லும் இன்னும் வரவில்லை என்றால் அதே எடைக்கு மணல் மூட்டை வையுங்கள்.

வண்டிக்கும் இதேதான். டீசல், ஆட்கள், டிக்கியில் போகும் சாமான் எல்லாம் இருக்க வேண்டும். குடும்பத்தோடு போகிறவர் தனியாக உட்கார்ந்து அளக்கக் கூடாது.

4. சமதளம் தேடுவது

இது எளிது என்று நினைப்பீர்கள். நம் ஊரில் எளிதில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கொட்டும் மாவட்டம் இது. மழைத்தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக வீட்டுமுற்றம், கடைவாசல் எல்லாவற்றுக்கும் சரிவு கொடுத்தே காங்கிரீட் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. ரசமட்டம் வைத்தால் குமிழி ஓரத்துக்குப் போய்விடும்.

டிரெய்லரும் வண்டியும் சேர்ந்து நிற்கும் நீளம் எட்டு, பத்து மீட்டர். அந்த நீளம் முழுக்க மட்டமாக இருக்க வேண்டும். ஒரு மீட்டர் ரசமட்டத்தை நான்கைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாய் பத்து மீட்டரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும்.

சரிவு இல்லாத இடமே கிடைக்காவிட்டால் சரிவுக்குக் குறுக்காக நிறுத்துங்கள். அப்போது பக்கவாட்டில் சாயும், ஆனால் முன்பின் அளவு கெடாது. சரிவின் நெடுக்கே நிறுத்துவதுதான் கூடாது.

5. டிரெய்லரை மட்டம் வைப்பது

டிரெய்லரைத் தனியாக நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியால் மூக்கை ஏற்றி இறக்கி, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கும்வரை சரிசெய்யுங்கள்.

ரசமட்டத்தை எதன்மேல் வைப்பது? சேசிஸின் நீளக் கம்பியின்மேல். உள்ளே போட்ட பிளைவுட் தரையில் வைக்கக் கூடாது. பலகை தண்ணீர் பட்டு வீங்கியிருக்கும். ஏர்க்கால் போன்ற முன்கம்பியிலும் வைக்கக் கூடாது. பல டிரெய்லர்களில் அது மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைந்திருக்கும். சந்தேகம் இருந்தால் சேசிஸின் முன்முனைக்கும் தரைக்கும், பின்முனைக்கும் தரைக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் மட்டம்.

வள்ளம் ஏற்றிய டிரெய்லரில் வள்ளத்தின் விளிம்பைக் கண்ணால் பார்த்து மட்டம் சொல்கிறவர்கள் உண்டு. வள்ளத்தின் அணியம் (முன்முனை) இயல்பிலேயே மேலே தூக்கியிருக்கும். அதை நம்பி மூக்கைத் தாழ்த்தினால் தவறான அளவு வரும்.

6. முன்பாரம் நிறுப்பது

டிரெய்லர் மட்டமாக நிற்கும்போதே இதை முடித்துவிடுங்கள், எட்டாவது படிக்கு இந்த எண் வேண்டும். மேடைத் தராசைக் கப்ளருக்கு நேர் கீழே வைத்து, மட்ட உயரத்துக்கு ஒரு மரக்கட்டையோ இரும்புக் குழாயோ வெட்டி, தராசுக்கும் கப்ளருக்கும் நடுவில் நிறுத்துங்கள். ஜாக்கியை மெதுவாகத் தளர்த்தி முழு எடையும் தராசில் இறங்க விடுங்கள். கட்டையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முன்சக்கரத்தைத் தராசில் ஏற்றி நிறுப்பது தவறு. முன்சக்கரம் கப்ளருக்குப் பின்னால், ஆக்சிலுக்கு நெருக்கமாக இருப்பதால் எண் கூடுதலாகக் காட்டும்.

எவ்வளவு இருக்கலாம்? அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். பிரிட்டனில் கேரவனுக்கு 5 முதல் 7 சதவீதம். அவர்களின் வண்டியும் கொக்கியும் வேறு. நான் 8 முதல் 10 சதவீதத்துக்குள் வைக்கப் பார்ப்பேன். வண்டியும் டோ பிளேட்டும் கப்ளரும் தாங்கும் அளவுகளில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குறைவாக இருந்தால் உள்ளே சாமானை முன்னால் நகர்த்துங்கள். குண்டைத் தாழ்த்தி முன்பாரம் ஏற்றப் பார்க்காதீர்கள். முதல் பகுதியில் போட்ட கணக்கைப் பார்த்தாலே தெரியும், உயரத்தால் கிடைப்பது கொஞ்சம்தான்.

7. கப்ளர் உயரம்: எந்தப் புள்ளியிலிருந்து

கட்டையை எடுத்துவிட்டு டிரெய்லரைத் திரும்ப ஜாக்கியில் மட்டமாக நிறுத்துங்கள். இப்போது தரையிலிருந்து கப்ளர் வாயின் உட்புற உச்சிவரை அளக்க வேண்டும். குண்டின் தலை தொடும் இடம் அதுதான். டேப்பைக் கீழிருந்து உள்ளே விட்டு, செங்குத்தாகப் பிடித்துப் படியுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஐரோப்பிய அளவுகளில் குண்டின் மையத்தைக் கணக்கிடுவார்கள், உச்சியை அல்ல. அங்கே பாரம் ஏற்றிய காரில் குண்டு மையம் தரையிலிருந்து 350 முதல் 420 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 50 மி.மீ. குண்டில் மையத்துக்கும் உச்சிக்கும் 25 மி.மீ. வித்தியாசம். வெளிநாட்டு வீடியோ பார்த்து ஒரு எண்ணை எழுதிக்கொண்டு வருகிறவர்கள், அது மையமா உச்சியா என்று கவனிப்பதில்லை. ஒரு அங்குலம் அங்கேயே போய்விடுகிறது. எதை எடுத்தாலும் சரி, டிரெய்லரிலும் வண்டியிலும் ஒன்றையே எடுங்கள். நான் உச்சியை எடுக்கிறேன், டேப் எளிதாகத் தொடும் இடம் அது.

அந்த 350–420 எண்ணை அப்படியே நம் வண்டிக்குப் பிடிக்கவும் கூடாது. அது கார்களுக்கான விதி, காட்டுப்பாதை வண்டிகளுக்கு அங்கேயே விலக்கு உண்டு. இங்கே டிரெய்லர் இழுப்பது பெரும்பாலும் உயரமான ஜீப்பும் பிக்கப்பும்.

8. வண்டி எவ்வளவு தாழும்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பாரம், ஆட்கள் எல்லாம் ஏறிய நிலையில் டோ பிளேட்டின் மேல்முகம்வரை அளந்து எழுதுங்கள். அப்புறம் முன்பாரம் எவ்வளவோ அந்த எடையை டோ பிளேட்டின்மேல் ஏற்ற வேண்டும். முன்பாரம் 70 கிலோ என்றால் 70 கிலோ ஆள் ஒருவரைப் பிளேட்டின்மேல் நிறுத்தினால் போதும். ஆள் அமையாவிட்டால் உறுதியான பலகை போட்டு 50 கிலோ சிமெண்ட் மூட்டையும், கூட 20 கிலோவுக்கு மணலும்.

எடை ஏறியதும் உடனே டேப் பிடிக்காதீர்கள். வண்டியின் பின்புறத்தை இரண்டு மூன்று தடவை அமுக்கிக் குலுக்கிவிட்டு அளக்க வேண்டும். கமான் பட்டையில் தகடுக்குத் தகடு உராய்வு உண்டு. குலுக்காவிட்டால் பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கும். பட்டறையில் ஒரு பழைய பிக்கப்பில் குலுக்கும் முன் 12 மி.மீ. தாழ்ந்திருந்தது, குலுக்கிய பின் 21. அந்த ஒன்பது மில்லிமீட்டரை ஓடும்போது சாலை குலுக்கி எடுத்துக்கொள்ளும்.

வண்டி ஐந்து, ஆறு செ.மீ. தாழ்ந்தால் அது உயரப் பிரச்சினை இல்லை. பாரம் அந்த வண்டிக்கு அதிகம், அல்லது கமான் சோர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் பிளேட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போகாதீர்கள். பின்புறம் அமுங்கினால் வண்டியின் முன்சக்கரத்தில் எடை குறையும், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பிடிமானம் இழக்கும், இரவில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

9. கணக்கு

ஒரு வேலையில் வந்த எண்களையே எடுத்துக்கொள்வோம்.

மட்டத்தில் கப்ளர் உச்சி: 455 மி.மீ.
ஆட்களோடு டோ பிளேட் மேல்முகம்: 520 மி.மீ.
முன்பாரத்தில் தாழ்ந்தது: 20 மி.மீ.
பிளேட்டிலிருந்து குண்டு உச்சிவரை: 65 மி.மீ.

520இல் 20 போனால் 500. குண்டின் 65ஐச் சேர்த்தால் குண்டு உச்சி 565இல் நிற்கும். வேண்டியது 455. ஆகவே 110 மி.மீ. இறக்க வேண்டும்.

குண்டைத் தாழ்த்தி மாட்ட உதவும் இறக்கப் பிளேட்டில் துளைகள் 25 மி.மீ. இடைவெளியில் இருந்தன. 100இல் மாட்டினால் 10 மி.மீ. உயரம், 125இல் மாட்டினால் 15 மி.மீ. தாழ்வு. வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் 100 நெருக்கம். நான் 125ஐத்தான் எடுத்தேன். மூக்கு சற்றுக் குனிந்திருப்பது, சற்றுத் தூக்கியிருப்பதைவிட எப்போதும் பாதுகாப்பு. ஒற்றை ஆக்சிலில் 25 மி.மீ. வரை குனிவதை ஏற்றுக்கொள்வேன், தூக்கி நிற்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். இரட்டை ஆக்சிலில் 10 மி.மீ.க்குள் வரப் பார்ப்பேன்.

குண்டின் 65ஐச் சேர்க்க மறப்பது அடுத்த பொதுத் தவறு. பிளேட் உயரத்தையும் கப்ளர் உயரத்தையும் நேராகக் கழித்து, அந்த அளவுக்கு இறக்கம் வாங்கிவிடுகிறார்கள். குண்டின் கழுத்து மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் குண்டை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

10. குண்டு வாங்குவதும் மாட்டுவதும்

இப்போதுதான் கடைக்குப் போக வேண்டும். குண்டின் விட்டம் அதன் தலையிலேயே பொறித்திருக்கும். 50 மி.மீ. ஒன்று, இரண்டு அங்குலம் அதாவது 50.8 மி.மீ. ஒன்று, அமெரிக்கக் கணக்கில் 47.6 மி.மீ. ஒன்று. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். 47.6ஐ 50 கப்ளரில் மாட்டினால் பூட்டியதுபோல் இருக்கும், குழியில் துள்ளும்போது கழன்றுவிடும். கப்ளரில் என்ன எண் பொறித்திருக்கிறதோ அதே எண்ணைத்தான் குண்டிலும் வாங்க வேண்டும்.

பழைய குண்டு என்றால் வெர்னியர் வைத்து நான்கைந்து திசையில் அளந்து பாருங்கள். முன்பின் திசையில்தான் அதிகம் தேயும். 50 மி.மீ. குண்டு எந்தத் திசையிலும் 49.5க்கு வந்துவிட்டால் நான் மாற்றச் சொல்வேன். லேத்தில் கடைந்து கொடுக்கும் குண்டு வேண்டவே வேண்டாம். எந்த இரும்பு, எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

மாட்டும்போது செய்யக் கூடாதவை சில உண்டு. உயரம் போதவில்லை என்று குண்டுக்கு அடியில் வாஷர்களை அடுக்காதீர்கள். மரை நட்டுக்குள் முழுதாக இறங்காது. பிளேட்டைக் கேஸ் வைத்துச் சூடாக்கி வளைக்காதீர்கள். இரும்பின் பலம் போய்விடும். குண்டின் தண்டைப் பிளேட்டோடு வெல்டு வைக்காதீர்கள். நானே வெல்டர்தான், அதனால்தான் சொல்கிறேன், அந்த வெல்டு விரிசல் விடுவது வெளியே தெரியாது. டோ பிளேட்டைப் பம்பரில் மாட்டாதீர்கள், சேசிஸில் மாட்டுங்கள். நட்டைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும்.

11. எந்தப் பிளேட்டும் ஒத்துவராவிட்டால்

வண்டி ரொம்ப உயரம், டிரெய்லர் ரொம்பத் தாழ்வு என்றால் இறக்கத்தை 15, 20 செ.மீ. வரை நீட்டிக்கொண்டே போகத் தோன்றும். இறக்கம் நீள நீள, பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் தள்ளும் விசை அந்தப் பிளேட்டை முறுக்கப் பார்க்கும். மேடு ஏறி இறங்கும் இடத்தில் அடியும் தட்டும்.

அப்போது டிரெய்லரை உயர்த்துவதுதான் சரி. ஆக்சில் கமான் பட்டைக்கு மேலே இருந்தால் அதைப் பட்டைக்குக் கீழே மாற்றலாம். ஆக்சில் தடிமனும் பட்டைக்கட்டின் தடிமனும் சேர்ந்து சேசிஸ் உயரும். ஆனால் பட்டை உட்காரும் பேடை ஆக்சிலின் சரியான பக்கத்தில் புதிதாக வெல்டு வைக்க வேண்டும்; ஆக்சிலை அப்படியே தலைகீழாகப் புரட்டினால் அதன் வளைவும் தலைகீழாகி டயர் ஒரு பக்கமாகத் தேயும். கூடவே டிரெய்லரின் பாரமும் மேலே போகிறது, திருப்பத்தில் சாய்வு கூடும். உயரமான சாப்பாட்டு டிரெய்லருக்கு இதை நான் செய்வதில்லை. கப்ளரை முன்கம்பியின் மேல்பக்கத்துக்கு மாற்றித் தருவேன்.

12. மாட்டிய பின்

கப்ளரைக் குண்டின்மேல் இறக்கி, கொண்டியைப் பூட்டி, ஊசி போடுங்கள். பூட்டியதாகத் தெரிவதை நம்பாதீர்கள். ஜாக்கியால் டிரெய்லர் மூக்கை மேலே தூக்குங்கள். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு சரி. கப்ளர் மட்டும் கழன்று மேலே வந்தால் நடுச்சாலையில் நடக்க இருந்தது முற்றத்தில் நடந்துவிட்டது என்று நிம்மதியாகத் திரும்ப மாட்டுங்கள்.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையைக் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். திருப்பத்துக்கு விடும் தொய்வு போதும், தரையில் இழுபடக் கூடாது.

அடுத்து சேசிஸின் முன்முனை, பின்முனை உயரங்களைத் திரும்ப அளங்கள். மேலே சொன்ன கணக்கில் குண்டு 15 மி.மீ. தாழ்வு, ஆக்சிலிலிருந்து கப்ளர் 3 மீட்டர். சேசிஸ் 2.4 மீட்டர் என்றால் முன்முனை பின்முனையைவிட 12 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் வந்தால் வண்டி தாழ்வதை எங்கோ தப்பாக அளந்திருக்கிறீர்கள், எட்டாவது படிக்குத் திரும்புங்கள்.

முழுத் திருப்பத்தில் இரு பக்கமும் மெதுவாக ஒடித்துப் பாருங்கள். பின்கதவு, ஸ்டெப்னி, ஜாக்கிக் கைப்பிடி எதுவும் இடிக்கக் கூடாது. முன்சக்கரத்தை முழுதாக மேலே ஏற்றிப் பூட்டியாயிற்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

13. ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் ஊருக்குள். இரண்டு மூன்று வேகத்தடை ஏறி இறங்கி, அடியில் தட்டுகிறதா என்று கூட வருகிறவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தக்கலையிலிருந்து குலசேகரம் பக்கம் போனால் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும், தட்டுகிற டிரெய்லர் அங்கே தானாகச் சொல்லிவிடும். 50 கிலோமீட்டர் ஓடியதும் குண்டு நட்டையும் பிளேட் போல்ட்டுகளையும் திரும்ப இறுக்குங்கள்.

வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பாதையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. காற்றாலைகளை அங்கே வரிசையாக நட்டிருப்பதற்குக் காரணமே அந்தக் காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை இடுக்கில் புகுந்து அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். உயரமான டிரெய்லரின் பக்கச்சுவர் அந்தக் காற்றுக்குப் பாய்மரம்.

எங்கள் பட்டறையில் கட்டிய டீக்கடை டிரெய்லர் ஒன்றை அந்தத் தம்பி தானே குண்டு வாங்கி வேறு இடத்தில் மாட்டி, ஆடி மாதத்தில் வள்ளியூர் கொண்டு போனார். மூக்கு ஒரு சாண் தூக்கி நின்றிருக்கிறது, தண்ணீர்த் தொட்டி பின்பக்கம். முப்பந்தல் தாண்டும்போது டிரெய்லர் இடமும் வலமும் வீசத் தொடங்கியிருக்கிறது. பதறி பிரேக்கை மிதித்திருக்கிறார், இன்னும் வேகமாக வீசியது. காலை எடுத்ததால்தான் தப்பினார். மறுநாள் என்னிடம் வந்தபோது கை நடுக்கம் நிற்கவில்லை. தொட்டியை ஆக்சிலுக்கு நேர் மேலே மாற்றி, குண்டை இறக்கி, முன்பாரத்தை 85 கிலோவுக்குக் கொண்டு வந்தோம். அப்புறம் அதே பாதையில் அதே மாதத்தில் போய் வந்தார். காற்று தள்ளியது, டிரெய்லர் வீசவில்லை.

அப்படி வீசத் தொடங்கினால் செய்ய வேண்டியது: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகம் தானாக இறங்கட்டும். வீச்சைத் தாண்டிப் போகலாம் என்று வேகம் கூட்டவே கூடாது. நின்றபின் பாரத்தை முன்னால் நகர்த்தாமல் கிளம்பாதீர்கள்.

14. வள்ளக்காரர்களுக்குத் தனியாக

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து வருகிறவர்கள் வள்ளத்தின் பின்பலகையில் அவுட்போர்டு எஞ்சினைத் தொங்கவிட்டபடியே ஏற்றி வருவார்கள். ஆக்சிலுக்கு வெகு பின்னால் தொங்கும் அந்த எடை முன்பாரத்தைத் தின்றுவிடும். எஞ்சினைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள். ஆனால் வண்டியின் பின்புறம் அதனால் மேலும் தாழும். ஆகவே எட்டாவது படியில் அளக்கும்போதே எஞ்சின் வண்டிக்குள் இருக்க வேண்டும். நனைந்த வலைக்கும் இதே கதி. காய்ந்த வலையை வைத்து அளந்துவிட்டு, நனைந்த வலையோடு திரும்பினால் எடை கூடியிருக்கும்.

உப்புக்காற்று குண்டை விடாது. கடலோரம் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கிரீஸ் தடவி, மூடி போட்டு வையுங்கள். மணல் ஒட்டிய கிரீஸோடு மாட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் குண்டு தேயும்.

எல்லாம் சரியாக அமைந்த அன்றே முன்கம்பியில், கப்ளருக்குப் பக்கத்தில், பெயிண்டால் நான்கு எண் எழுதிவிடுங்கள்: கப்ளர் உச்சி உயரம், பிளேட் துளை, முன்பாரம், டயர் காற்று. வண்டி மாறினாலோ, டயர் அளவு மாறினாலோ, கமான் பட்டை புதிதாகப் போட்டாலோ மூன்றாவது படியிலிருந்து திரும்ப அளந்து, பழைய எண்களை அழித்துப் புதியதை எழுதுங்கள்.